பொழுதுபோக்கும் பிழைப்பும்

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று விலகி அமைந்த சிற்றூர் இரும்பை. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் கோயில் அங்கு உள்ளது. அக்கோயிலையும் ஊர் ஏரியையும் காண வருவோரில், கைப்பேசியாலேனும் காமிராவாலேனும் படம் எடுக்காதவர் அரியர். ஆயினும், படம் எடுத்தே வாழ்க்கை நடத்துவோர் அவர்களுள் மிகச் சிலரே. விருப்பத்தால் தொடங்கிய கலை ஒருவருக்கு வாழ்க்கைத் தொழிலாவது எவ்வாறு?

பொழுதுபோக்கில் ஒருவனுக்கு அவன் மனமே தலைவன். விரும்பியபோது எடுக்கலாம், சலித்தபோது விட்டுவிடலாம். தொழிலிலோ பிறர் தேவையே தலைமை பெறுகிறது. திருமண வீட்டில் தாலி கட்டும் கணம் மீண்டும் வாராது. அந்நேரத்தில் கருவி பழுதாயிற்று என்று கைவிரிப்பவர், எத்துணை அழகிய கதிரவன் உதயங்களை எடுத்திருப்பினும் தொழிலறிந்தவர் ஆகார். தொழிலுக்குத் திறமை வேண்டும். திறமையினும் பொறுப்பு மிகுதியாக வேண்டும்.

இதற்குச் சான்றாக விளங்குபவர் லாலா தீன்தயாள். 1844ஆம் ஆண்டில் பிறந்த இவர், ரூர்க்கியில் பொறியியல் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராக அமர்ந்தார். 1874ஆம் ஆண்டளவில் புகைப்படக் கலை இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. எனினும், அன்றே அவர் வேலையை உதறிவிடவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் பணியையும் கலையையும் ஒருங்கே நடத்தினார். கனத்த கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று, மத்திய இந்தியாவின் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடித்தார். அப்படங்களை நாடுவோர் பெருகிய பின்னரே அரசுப் பணியிலிருந்து விலகினார். பின்பு ஐதராபாத் நிசாமின் அரசவைப் புகைப்படக் கலைஞரானார். செகந்தராபாத்திலும், 1896இல் பம்பாயிலும் படக்கூடங்கள் நடத்தினார். ஆர்வம் அவரை முன்னே தள்ளியது. பொறுமை அவரை விழாமற் காத்தது.

தமிழகத்தில் மா. கிருஷ்ணன் வேறொரு வழியைக் காட்டினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், சண்டூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்து, பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி எழுத்தையும் காமிராவையும் நம்பி வாழ்ந்தார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். உறுப்புகளை இணைத்துத் தமக்கேற்ற கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தாம் மறைந்த 1996 வரை இடைவிடாது எழுதினார். அவருடைய எழுத்தும் படமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒரு கலை மட்டும் வயிற்றை நிரப்பாதபோது, அதற்கு இனமான மற்றொன்றைத் துணைக்கொள்வது அறிவுடைமையாகும்.

உழைப்புக்கு ஊதியம் கேட்க நாணுவோர் பலர். “நம்மவர்தாமே, இரண்டு படம் எடுத்துக் கொடுத்தால் என்ன?” என்று கேட்போரும் உளர். தச்சரிடம் நாற்காலியை இலவசமாகக் கேட்பார் உண்டோ? படத்தின் பின்னும் கருவியின் விலை உண்டு. பயணச் செலவு உண்டு. பல்லாண்டுப் பயிற்சியும் உண்டு. நேர்மையான ஊதியத்தை முன்னரே கூறிப் பெறுதல் இழிவன்று. கூறிய நாளில் படத்தைக் கொடாமையே இழிவு.

தொழிலானால் கலையின்பம் குன்றும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆனால், பிறருக்குப் பயன்படுவதும் ஓர் இன்பமே. இரும்பைக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களைக் காட்டும் படங்களை ஓர் இலட்சத்திற்கு மேல் சேர்த்து வைத்துள்ளது. அவற்றை எடுத்தவர்கள் கடமையாகவே எடுத்தனர். இன்று சிதைந்துபோன சிற்பத்தின் பழைய வடிவை அறிய விழைவோர்க்கு அத்தகைய படங்களே துணை.

ஆகவே, காமிராவை விரும்பும் இளைஞர் முதலில் கல்வியை முடிக்கட்டும். கலையை நாள்தோறும் பயிலட்டும். சிறு பணிகளை ஏற்றுச் சொன்ன சொல் காக்கட்டும். பிறர் தம்மை நம்பித் தேடி வரும் நாளே, பொழுதுபோக்குத் தொழிலாகக் கனியும் நாளாகும்.