11 மாச அக்ரிமென்ட் வீட்டுக்கு 12 மாச வைஃபை பேக் எதுக்கு?

வாடகை வீடு மாறும்போது நாம கணக்கு போடுறது பெரும்பாலும் மூணு விஷயத்துக்குத்தான்: அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், சாமான் ஏத்துற வண்டி. வைஃபையும் டிவியும் கடைசி வாரத்தில்தான் ஞாபகத்துக்கு வரும். கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சது என்று நினைப்போம். அங்கே "சார், உங்க பேக்ல இன்னும் நாலு மாசம் இருக்கு, ரீஃபண்ட் வராது" என்று சொல்வாங்க.

கனெக்ஷனை எப்படி கேன்சல் பண்றது என்பது அப்புறம். காசு போறது கேன்சல் பண்ற அன்னைக்கு இல்ல, வாங்குற அன்னைக்கே. அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: வாடகை வீட்டில் இருக்கிற சம்பளக்காரங்க வருஷ பேக் வாங்கக் கூடாது.

நம்ம ஊர்ல வாடகை ஒப்பந்தம் 11 மாசத்துக்குத்தான் போடுவாங்க. ஒரு வருஷத்தைத் தாண்டுற குத்தகையைப் பதிவு பண்ணியே ஆகணும் என்று பதிவுச் சட்டம் சொல்றதால வந்த பழக்கம் அது. (2017 தமிழ்நாடு வாடகைச் சட்டம் வந்த பிறகு அது எவ்வளவு தூரம் உதவும் என்பது தனி வீடியோவுக்கான விஷயம்.) அந்த 11 மாசத்துக்குள்ளயும் ஒரு மாச நோட்டீஸ்ல யார் வேணும்னாலும் கிளம்பலாம், கிளப்பலாம். ஆபீஸ் மாறும், ரூம்மேட்டுக்கு கல்யாணம் ஆகும், ஓனர் பையன் அமெரிக்காவில் இருந்து வருவான். இப்படிப்பட்ட வீட்டுக்கு 12 மாசக் காசை முன்கூட்டியே கட்டிட்டு, ஒரு மாசம் இலவசம் என்று சந்தோஷப்படுறோம்.

கணக்கைப் போட்டே பார்த்துடலாம். மாசம் 700 ரூபாய் பிளான், 18% ஜிஎஸ்டி சேர்த்து 826. இது உதாரணத்துக்குத்தான், உங்க பில்லில் இருக்கிற தொகையைப் போட்டுக்கோங்க. மாசாமாசம் கட்டுறவருக்கு இன்ஸ்டலேஷன் 1,000 ரூபாய், வரியோட 1,180. வருஷ பேக் எடுத்தா இன்ஸ்டலேஷன் இலவசம், 13-வது மாசமும் இலவசம், மொத்தமா 9,912.

13 மாசமும் அதே வீட்டில் இருந்தா வருஷ பேக்காரருக்கு 2,006 ரூபாய் லாபம். நல்ல விஷயம்தான், மறுக்கலை. ஆனா எட்டாவது மாசம் முடிஞ்சு காலி பண்ணினா? மாசாமாசம் கட்டினவர் மொத்தமா கொடுத்தது 7,788. வருஷ பேக்காரர் கொடுத்தது அதே 9,912. அதாவது 2,124 ரூபாய் நஷ்டம். பத்து மாசத்தில் காலி பண்ணினாலும் 472 ரூபாய் கையை விட்டுப் போகுது. 11-வது மாசத்தை முடிச்சாத்தான் லாபமே ஆரம்பிக்குது, அதுவும் 354 ரூபாய். உங்க அக்ரிமென்ட் முடியறதும் அதே மாசம்தான்!

அப்போ மாசாமாசம் கட்டணுமா என்றால், அதுவும் கட்டாயம் இல்ல. மூணு மாச பேக் எடுங்க. எவ்வளவு மோசமா போனாலும் மாட்டிக்கிறது அதிகபட்சம் மூணு மாசக் காசுதான். இன்ஸ்டலேஷன் சார்ஜை தள்ளுபடி பண்ணச் சொல்லி கேளுங்க. மாசக் கடைசியில் டார்கெட்டுக்காக நிக்கிற சேல்ஸ் தம்பிகிட்ட கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம். சொந்த வீட்டில் அப்பா அம்மாவோட இருக்கீங்களா, தாராளமா வருஷ பேக் போடுங்க. அந்த ஆஃபர் உங்களுக்காகத்தான்.

சரி, ஏற்கனவே வருஷக் காசு கட்டியாச்சு, இப்போ வீடு மாறணும் என்றால் கேன்சல் என்ற வார்த்தையையே முதல்ல எடுக்காதீங்க. "ஷிஃப்டிங்" கேளுங்க. கேன்சல் பண்ணினா மிச்ச நாளுக்குக் காசு தர மாட்டேன் என்று பல கம்பெனிகளோட விதிமுறையிலேயே எழுதியிருக்கும். ஷிஃப்ட் பண்ணினா அந்த நாட்கள் உங்களோடவே வரும். ஆனா புது வீட்டில் அவங்க லைன் இருக்கணும். பல அப்பார்ட்மென்ட்ல ஒண்ணு ரெண்டு கம்பெனி கேபிளை மட்டும்தான் உள்ளே விடுவாங்க. அதனால புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அந்த முகவரியில் கனெக்ஷன் கிடைக்குமா என்று செக் பண்ணுங்க. தண்ணி எப்படி, பார்க்கிங் இருக்கா என்று கேட்கிற லிஸ்ட்ல இதையும் சேர்த்துக்கலாம்.

ஷிஃப்டிங் முடியாது என்றால்தான் கேன்சல். அதை போனில் மட்டும் சொல்லாதீங்க. மெயிலிலோ ஆப்பிலோ எழுத்தில் கேளுங்க, கடைசி தேதியைக் குறிப்பிடுங்க, புகார் எண் வாங்குங்க. ரவுட்டரை எடுக்க வர்றவர்கிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி அடியில் இருக்கிற சீரியல் நம்பரோட ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, வாங்கிக்கிட்டேன் என்று ஒரு மெசேஜாவது வாங்குங்க. பெட்டி வரவே இல்ல, அதுக்கு இவ்வளவு கட்டுங்க என்று மூணு மாசம் கழிச்சு போன் வந்தா காட்ட ஆதாரம் வேணும். டெபாசிட் கட்டியிருந்தா அதையும் அதே மெயிலில் கேட்டுடுங்க. கனெக்ஷனை மூடினா குறிப்பிட்ட நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தரணும் என்று ட்ராய் பிராட்பேண்டுக்கு விதி போட்டிருக்கு. "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்ற பதிலை ஆறு மாசம் கேட்டுட்டு உட்கார வேண்டியதில்ல.

ஆட்டோபேவை நிறுத்திட்டா கனெக்ஷனும் முடிஞ்சிடும் என்று நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. ப்ரீபெய்டுக்கு அது ஓரளவு சரி. போஸ்ட்பெய்டு பில் என்றால் காசு போறது நிக்கும், பில் நிக்காது. டெலிகாம் பாக்கி கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற வாய்ப்பு இருக்கு. 800 ரூபாய் பில்லுக்காக நாளைக்கு ஹோம் லோன் மேனேஜர் முன்னாடி விளக்கம் சொல்ற நிலைமை தேவையா? கனெக்ஷன் முடிஞ்சதா உறுதி பண்ணிட்டு, அப்புறம் யுபிஐ ஆப்ல போய் மேண்டேட்டை நீக்குங்க. அதை விட்டுட்டாலும் தப்புதான். 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்காமலே எடுத்துக்கலாம். 24 மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு வரும், வீடு மாத்துற வாரத்தில் அதை யார் பார்க்கிறது!

டிவி விஷயம் இவ்வளவு சிக்கல் இல்ல. டிடிஎச் என்றால் பெட்டியையும் மொட்டை மாடி டிஷ்ஷையும் கழட்டி எடுத்துட்டுப் போய் புது வீட்டில் மாட்டிக்கலாம், அதே கணக்கு ஓடும். அரசு கேபிள் பெட்டி அரசாங்கத்தோடது. அதை விட்டுட்டும் போகக் கூடாது, தூக்கிட்டும் போகக் கூடாது, ஆபரேட்டர்கிட்ட கொடுத்துட்டு எழுதி வாங்குங்க. ரெண்டு மூணு மாசம் ஊர்ல இருந்து வேலை பார்க்கப் போறீங்க என்றால் கேன்சலே வேண்டாம். தற்காலிகமா நிறுத்தி வைக்கச் சொல்லலாம், 2017 ட்ராய் விதிகளிலேயே அந்த வசதி இருக்கு. இடம் மாத்துறதுக்கும் நிறுத்தி வைக்கிறதுக்கும் இருந்த கட்டண வரம்பை 2024-ல் எடுத்துட்டாங்க. ஆனா எவ்வளவு வாங்குறாங்க என்பதை வெளிப்படையா அறிவிச்சிருக்கணும். அந்தப் பட்டியலைப் பார்த்துட்டு காசு கொடுங்க. நெட், டிவி, ஓடிடி மூணும் ஒரே பில்லில் வர்ற பேக் என்றால் ஒண்ணை நிறுத்தினா மூணும் நிக்கும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கம்பெனி கேட்கவே இல்ல என்றால்? முதல் புகாருக்குச் சரியான பதில் வரலை என்றால், அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது. அவங்க 39 நாளுக்குள் முடிவு சொல்லணும். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் வழக்குக் கட்டணம் இல்ல. டெலிகாம் வழக்கெல்லாம் அங்கே வராது என்று முன்னாடி கம்பெனிகள் வாதாடுவாங்க. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரிச்சிடுச்சு.

ரெண்டாயிரம் ரூபாய்க்கு வழக்கு போடுங்க என்று நான் சொல்லலை, லீவ் போட்டு அலையற செலவே அதைத் தாண்டிடும். புகார் எண்ணைப் போட்டு மேல்முறையீட்டு மெயில் வரைக்கும் போங்க, அதுக்கு பத்து நிமிஷம்தான். புது வீட்டிலும் அதே கம்பெனி கனெக்ஷனைத்தான் எடுக்கப் போறீங்க என்றால், புதுசுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடியே அந்த மெயிலை அனுப்புங்க. வர வேண்டிய தொகையைப் புது பில்லில் கழிக்கச் சொல்லி அப்போதான் தைரியமா கேட்க முடியும்.