வேலைத்தளத்தில் விழுங்கப்படும் சொற்கள்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என வீடு வாங்கிச் சென்ற தமிழ்க் குடும்பங்களில் மாலை வேளையில் அடிக்கடி நிகழும் உரையாடல் ஒன்றுண்டு. வேலையால் வந்த பிள்ளையின் முகம் வாடியிருக்கிறது. காரணம் கேட்டால், கூட வேலை செய்பவன் பெயரை வேண்டுமென்றே திரித்துக் கூப்பிடுகிறான். மதிய உணவைச் சூடாக்கினால் மூக்கைப் பொத்திக் காட்டுகிறான். மற்றவர் செய்த வேலையைக் கூட்டத்தில் தன்னுடையதெனச் சொல்கிறான். தந்தையின் பதில் பெரும்பாலும் ஒன்றே: "வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார். சம்பளம் வருகுதுதானே."

இந்த அறிவுரையை இகழ்ந்து ஒதுக்குதல் நியாயமன்று. அகதிக் கோரிக்கையின் முடிவு தெரியாத நிலையில், இரண்டு வேலை செய்து, ஊரிலுள்ளோரை அழைப்பதற்காக வேலைக் கடிதத்தை நம்பியிருந்த தலைமுறைக்கு மௌனமே பாதுகாப்பாக இருந்தது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அதே மௌனத்தைச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய தேவை என்ன?

ஒஷாவா நகரத்தின் வரலாறே இதற்கு மாறான பாடத்தைச் சொல்கிறது. 1937 ஏப்ரலில் இங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ஏறத்தாழ 4,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மாகாண முதல்வர் மிச்சல் ஹெப்பர்ன் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். இரண்டு வாரப் போராட்டத்தின் பின் கிடைத்தவை 44 மணிநேர வேலை வாரமும் ஊதிய உயர்வும் மட்டுமல்ல. பணிமூப்பு உரிமையும், முறைப்பாட்டை முறையாக எடுத்துச் செல்லும் வழியும் கிடைத்தன. ஆட்குறைப்பில் யார் வீட்டுக்குப் போவது, யார் திரும்பி வருவது என்பது மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்பில் தங்கியிருந்த காலத்தில் அது சிறிய வெற்றியன்று.

ஆயினும் சக ஊழியரின் தொல்லையைச் சட்டம் கவனிக்க மேலும் பல பத்தாண்டுகள் சென்றன, உயிர்களும் சென்றன. 1999 ஏப்ரல் 6 அன்று ஒட்டாவாவின் பேருந்துப் பணிமனையில் முன்னாள் ஊழியர் ஒருவர் நால்வரைச் சுட்டுக்கொன்று தானும் மாய்ந்தார். திக்குவாய்க்காக அவர் வேலையிடத்தில் கேலிக்கு ஆளாகியிருந்தார் என்பது பின்னர் விசாரணையில் பேசப்பட்டது. கொலைக்கு அது நியாயமாகாது. கேலியை விளையாட்டெனக் கடந்து சென்ற நிர்வாகத்துக்கும் அது நற்சான்று ஆகாது. 2005 இல் வின்சர் நகர மருத்துவமனையில் தாதி லோரி டுப்போன், அங்கேயே பணியாற்றிய மருத்துவர் ஒருவரால் கொல்லப்பட்டார். இவற்றின் பின்னரே 2010 ஜூன் 15 முதல் ஒன்ராறியோவின் தொழிற் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலைத்தள வன்முறையும் துன்புறுத்தலும் இடம்பெற்றன. முறைப்பாட்டை விசாரித்து முடிவை எழுத்தில் அறிவிக்கும் கடமை 2016 இல் தெளிவாக்கப்பட்டது.

சட்டம் சொல்லும் துன்புறுத்தல் எது? பிறர் விரும்பவில்லை என அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலும், தொடர்ந்து நோகடிக்கும் சொல்லும் செயலுமே அது. உரத்துத் தொலைபேசியில் பேசுபவனும், தேநீர் வேளையில் ஓயாது புலம்புபவளும் எரிச்சலூட்டுவோரே அன்றிக் குற்றவாளிகள் அல்லர். அவர்களிடம் நேரில், தனிமையில் ஒரு வார்த்தை சொன்னால் பாதி தீரும். மேலதிகாரி வேலையிலுள்ள பிழையை நியாயமாகச் சுட்டுவதும் துன்புறுத்தல் ஆகாது. இளையோரிற் சிலர் இந்த வேறுபாட்டை மறந்து, திருத்தத்தையெல்லாம் அவமதிப்பாக எண்ணுவதும் காணப்படுகிறது.

எல்லை மீறப்படுமிடத்து முதற்கருவி ஒரு குறிப்பேடே. திகதி, நேரம், சொல்லப்பட்ட சொல், அருகில் நின்றவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மேற்பார்வையாளரிடமோ, அவரே தொல்லையாளராயின் கொள்கையிற் குறிப்பிடப்பட்ட வேறொருவரிடமோ எழுத்தில் முறையிடலாம். தொழிற்சங்கம் உள்ள இடத்தில் அதன் பிரதிநிதி உடன் வருவார். இச்சட்டத்தின் கீழ் உரிமை கோரியதற்காகப் பழிவாங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இனம், நிறம், பிறந்த நாடு, சமயம் தொடர்பான இழிவாயின் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கும் செல்லலாம்; பொதுவாக இறுதிச் சம்பவத்திலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "போகட்டும், பார்ப்போம்" என்று பொறுத்திருப்போர் இழப்பது பெரும்பாலும் இந்த ஓராண்டைத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பேசவே தயக்கம் அதிகம். தொல்லை தருபவர் சிலவேளை தமிழரே. தமிழர் நடத்தும் கடையிலும் களஞ்சியத்திலும் மேலாளர் 'அண்ணை' ஆகிவிடுகிறார். ஊரையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசிய அண்ணையைப் பற்றி முறையிடுவது வீட்டுச் சண்டையை வெளியே எடுத்த குற்றமாகிவிடுகிறது. அடுத்த திருமண வீட்டில் யார் முகத்தில் விழிப்பது என்று தாய் கவலைப்படுகிறாள். அக்கவலை உண்மையானதே. ஆனால் அண்ணையின் கடைக்கும் அதே சட்டந்தான். அங்கே ஐவருக்கு மேற்பட்டோர் வழமையாக வேலை செய்தால், துன்புறுத்தல் தொடர்பான கொள்கை எழுத்தில், எல்லோரும் எளிதில் பார்க்கக்கூடியவாறு இருக்க வேண்டும்.