குளத்தைத் தூர்த்தவர்கள்

சின்னக் கிராமத்துக்குச் சரித்திரம் ஏது, பூகோளம் ஏது என்று கேட்கிற கனவான்கள் உண்டு. ஊரில் ஓர் அரசன் பிறந்திருக்க வேண்டும். அல்லது படையாவது வந்து போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஊருக்குப் புஸ்தகத்தில் இடமில்லையாம். படித்தவர்கள் சொல்கிறார்களே என்று நாமும் தலையாட்டி விடுகிறோம்.

தலையாட்டுவதற்கு முன் லிடிட்சேயைக் கொஞ்சம் பாருங்கள். செக் நாட்டில், பிராக் நகருக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. 1318-லேயே ஏட்டில் பெயர் ஏறிய ஊர். ஒரு மாதிரிக் கிராமம்தான்: ஒரு தேவாலயம், ஓர் ஓடை, ஒரு குளம், பழ மரங்கள், சுமார் 500 ஜனங்கள். ஆண்களில் பலர் பக்கத்துக் கிளாட்னோ நகரத்துச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போய் வந்தார்கள். கனவான்களின் கணக்கில், சரித்திரமே இல்லாத ஊர்.

1942 மே 27-ல் பிராக் நகரில் நாஜி அதிகாரி ஹைட்ரிக் தாக்கப்பட்டான். ஜூன் 4-ல் செத்தான். பழி லிடிட்சேயின் தலையில் விழுந்தது. கொலைக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் நிரூபிக்கவில்லை. ஜூன் 10-ல், ஒரு பண்ணைத் தோட்டத்தில் 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களை ராவன்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பினார்கள். பிரித்துக்கொண்டு போன குழந்தைகளில் 82 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள்.

அத்தோடு விட்டார்களா? வீடுகளைக் கொளுத்தினார்கள். தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லறைகளைத் தோண்டினார்கள். குளத்தைத் தூர்த்து, ஓடையை வேறு பக்கம் திருப்பினார்கள். மனிதர்களைக் கொன்றாயிற்று, ஓடை என்ன பாவம் செய்தது? ஓர் ஊர் எதில் இருக்கிறது என்பது அந்தப் பாதகர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பண்டிதர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

லிடிட்சேக்காக உருகி எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் எழுத்தில் அந்த ஊர் ஜூன் 10-ல் பிறந்து, அன்றே செத்துப் போகிறது. அதற்கு முந்திய 600 வருஷத்துக்கு அரை வரி. கொலைகாரன் குறித்த தேதியையே ஊரின் ஜாதகமாக எழுதி வைப்பது யாருக்குச் செய்யும் மரியாதை?

யுத்தம் முடிந்ததும் 143 பெண்களும் 17 குழந்தைகளும் திரும்பி வந்தார்கள். பழைய ஊரின் பக்கத்திலேயே புதிய லிடிட்சே எழுந்தது. இன்றும் அது ஒரு சின்ன ஊர்தான்.

நாவலில் கதாநாயகி எந்தத் தெருவில் குடியிருந்தாள் என்று தெரியாவிட்டால் நீங்கள் ஆசிரியரை விடமாட்டீர்கள். சரித்திரக்காரரை மட்டும் ஏன் விடுகிறீர்கள்? இனி யாராவது லிடிட்சேயின் கதையைச் சொல்ல வந்தால், "குளம் எங்கே இருந்தது, ஐயா?" என்று முதலில் கேளுங்கள். அந்த 82 குழந்தைகளில் அதன் கரைக்குப் போகாத குழந்தை ஒன்றாவது இருந்திருக்குமா?