அம்மா போட்ட ஐந்து

தம்பி பள்ளிக்கூடத்தில இருந்து ஒரு வினாக்கொத்து கொண்டு வந்தான். பிள்ளைகளின் விளையாட்டு பற்றிப் பெற்றோரின் மனப்பாங்கை அளக்கிறதாம். "விளையாட்டு பிள்ளையின் வளர்ச்சிக்கு அவசியம்", "என் பிள்ளையை விளையாட ஊக்குவிக்கிறேன்" என்று இருபது வசனம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. அம்மா யோசிக்கவே இல்லை. எல்லாத்துக்கும் ஐந்து, "முற்றாக உடன்படுகிறேன்".

தாளை மடிச்சுக் குடுத்த கையோட தம்பி கேட்டான்: "வலயமட்டப் போட்டிக்கு சனிக்கிழமை பிராக்டிஸ் இருக்கு, போகட்டோ?"

"அப்ப கணக்கு ரியூசனுக்கு ஆர் போறது?"

கதை அதோட முடிஞ்சுது.

அம்மா பொய் சொல்லவில்லை. விளையாட்டு நல்லதா என்று கேட்டால் கூடாது என்று எந்தத் தாய் சொல்லுவா? கேள்விதான் பிழை. இந்த ஐந்து புள்ளி முறையை லிக்கர்ட் 1932இல் தந்தார். இரண்டே வருசத்தில், 1934இல், லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதுபோன்ற தாள்களை நம்பலாமா என்று கேட்டுவிட்டார். அவர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவில் 250க்கு மேற்பட்ட விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஒரே ஒரு இடம்தான் அவர்களை ஏற்க மறுத்தது. பிறகு கடிதம் போட்டுக் கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் "சீனரை ஏற்கமாட்டோம்" என்றார்கள். எங்கட ஊரில் இது தலைகீழ். தாளில் ஓம், வீட்டில் இல்லை.

வடக்கின் பெரும் போருக்கு லீவு போட்டுவிட்டு வந்து கத்துகிற அப்பாமார் எத்தனை பேர்? அதே அப்பா, மகன் ஓ.எல். வகுப்புக்கு வந்ததும் பற்றைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைக்கிறார். மகள் என்றால் இன்னும் முந்தியே முடிஞ்சுது. தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் கோல் போட்டால், அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்தால், "எங்கட பிள்ளை" என்று பேஸ்புக்கில் போடுவோம். எங்கட வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளை ஆனதும், "காற்சட்டையோட ஓடுறதோ? வெயிலுக்க கறுத்துப் போவாய்" என்போம்.

விளையாடினால் படிப்புக் கெடும் என்கிற ஆக்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர். பிறகு கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

ஆனால் பெற்றோரை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் தயாரில்லை. நாள்கூலிக்குப் போகிற ஒரு அப்பா ஸ்பைக்ஸ் வாங்கிக் குடுக்காதது மனப்பாங்கு இல்லை, காசில்லை. இரவு பயிற்சி முடிய பஸ் இல்லாத ஊரில் மகளை மறிக்கிற அம்மாவுக்கு இருப்பது பயம். மனமில்லாததையும் வழியில்லாததையும் ஒரே புள்ளிக்குள் போட்டால், கடைசியில் ஏழைத் தாய்தான் "ஆதரவு குறைந்த பெற்றோர்" ஆகிறா. வசதியிருந்தும் மறிக்கிறவர் ஐந்து போட்டுவிட்டுத் தப்பிவிடுகிறார்.

கம்பஸில் இதுமாதிரி ஆய்வு செய்யிற நண்பர்களே, இப்பிடிக் கேட்டுப் பாருங்கோ. போன மாதம் பிள்ளை எத்தனை நாள் பயிற்சிக்குப் போனது? அது ஓடுறதைப் பார்க்க நீங்கள் எத்தனை தரம் போனீங்கள்? ரியூசனும் போட்டியும் ஒரே நேரத்தில் வந்தால் எது நிற்கும்? மகனுக்குச் சொல்லுற பதிலைத்தான் மகளுக்கும் சொல்லுவீங்களா? சப்பாத்து வாங்காததுக்குக் காரணம் என்ன? அதே கேள்விகளைப் பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கோ. இரண்டு பதிலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளவுங்கோ.

தம்பி அந்தச் சனிக்கிழமை ரியூசனுக்குத்தான் போனான். அந்தக் கணக்குப்படி எங்கட வீட்டுக்கு நூற்றுக்கு நூறு.