அடைக்கலமும் இரையும்

மனிதன் விலைகொடுத்து வாங்கிய பொருளை வேண்டியபோது வைத்துக்கொள்கிறான், வேண்டாதபோது விலக்கிவிடுகிறான். அதுபற்றி அவனைக் குறைகூறுவார் ஒருவருமிலர். விலைகொடுத்து வாங்கிய உயிரையும் அவ்வாறே விலக்கிவிடுதல் தகுமோ? வினா சிறிது, விடையோ அத்துணைச் சிறிதன்று. சென்ற ஆண்டில் இவ்வினாவை என் வீட்டுத் திண்ணையிற் கொணர்ந்து வைத்தது ஓர் அட்டைப்பெட்டி.

எம் தெருவில் வாழும் கல்லூரி மாணாக்கர் ஒருவர், தம் தங்கை விரும்பினாள் என்று, ஹாம்ஸ்டர் என்னும் குறுவால் எலிகள் இரண்டினைக் கடையில் வாங்கிவந்தார். இரண்டும் பெண்ணே என்று விற்றவர் கூறினாராம். ஒரு திங்கள் கழிவதற்குள் கூட்டில் ஏழு குட்டிகள் காணப்பட்டன. நான்காந் திங்களில் எண்ணிக்கை இருபதைக் கடந்தது. தங்கைக்கு விளையாட்டில் விருப்பங் குறைந்தது. அன்னையார்க்கு நாற்றம் பொறுக்கவில்லை. அவ்வேளையில் மாமா ஒருவர் வந்து, "திருவனந்தபுரத்தில் என் நண்பர் ஒருவர் மலைப்பாம்பு வளர்க்கிறார். இவற்றை அவரிடம் கொடுத்துவிட்டால் பாம்புக்கு இரையும் ஆயிற்று, உங்களுக்குத் தொல்லையும் தீர்ந்தது" என்று வழிகூறினார். மறுநாள் மாலை பெட்டியைக் கையிலேந்தி வந்த அம்மாணாக்கர், "ஐயா, பாம்பும் உண்டுதானே வாழவேண்டும்? கொடுத்தால் தவறா?" என்று வினவினார். பெட்டிக்குள் நகங்கள் அட்டையைச் சுரண்டும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. அன்று அவர்க்கு யான் கூறியவற்றையும், கூறாதுவிட்டுப் பின்னர் எண்ணியவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

பாம்பின் வழக்கை முதற்கண் கேட்போம். நாகராஜர் திருக்கோயிலாற் பெயர்பெற்ற நாகர்கோவிலில் வாழும் நமக்குப் பாம்பு புதியதன்று. கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் கதிர் முற்றுங்கால் வயலை அழிக்கும் எலியைச் சாரைப்பாம்பு வேட்டையாடுதலை நாஞ்சில் நாட்டு உழவர் நன்கறிவர். பாம்பு புல்லையுங் கனியையும் உண்டு வாழும் உயிரன்று. நாம் புற்றில் வார்க்கும் பாலும் அதன் உணவன்று. பிறிதோர் உயிரை முழுதாக விழுங்கியே அது வாழ்தல் வேண்டும். 1972 இல் கிண்டியில் நிலைபெற்ற சென்னைப் பாம்புப் பண்ணையைப் போன்ற இடங்களில், பாம்பைப்பற்றிய வீண் அச்சம் நீங்கி மக்கள் அறிவு பெறுகின்றனர். அத்தகைய இடங்களில் அடைபட்ட பாம்பிற்கு உணவு தாராது வாடவிடுதலும் கொடுமையே. ஆதலின், எலியைப் பாம்பிற்கு உணவாக்குதல் எவ்விடத்தும் எஞ்ஞான்றும் தீது என்று யான் கூறேன்.

மற்று, உயிர்க்கொலையே ஆகாது என்னும் கொள்கையுடையார் இவ்வினாவை எளிதில் முடித்துவிடுவர். அவர்தம் நெறி உயர்ந்தது. ஆயினும் நம்மிற் பலர் குளச்சலிலும் முட்டத்திலும் கரைசேரும் மீனை நாள்தோறும் உண்பவர். பத்தாயத்து நெல்லைக் காக்க எலிப்பொறி வைப்பவர். அத்தகைய நாம் பாம்பை நோக்கிக் கொல்லாமை பேசுதல் பொருந்தாது. நம்மைப்போன்றார்க்கும் பொருந்துவதொரு விடையையே தேடுதல் வேண்டும்.

நிற்க. வயலெலிக்கும் வளர்ப்பெலிக்கும் வேற்றுமை யாது? வலி இரண்டிற்கும் ஒன்றே. உயிர்மேல் ஆசையும் ஒன்றே. வேற்றுமை எலியினிடத்தில் இல்லை, நம்மிடத்தில் இருக்கின்றது. வயலெலி நம்மைக் கண்டவுடன் ஓடுகின்றது. ஓடுதல் அதற்குக் கிடைத்த காவல். வளர்ப்பெலியோ நம் கையைக் கண்டால் அருகே வருகின்றது. அவ்வாறு வருமாறு பழக்கியவர் நாமே. தினையும் சூரியகாந்தி விதையும் நீட்டி நீட்டி, அதன் அச்சத்தைச் சிறிது சிறிதாகக் களைந்தோம். அச்சம் களையப்பெற்ற உயிரை அதே கையால் எடுத்துப் பாம்பின் கூட்டினுள் விடும்போது, நாம் கொடுப்பது இரையை மட்டுமன்று. அது நம்மேல் வைத்த நம்பிக்கையையுங் கூடவே கொடுத்துவிடுகின்றோம். இதனையே தமிழர் அடைக்கலம் என்னும் சொல்லாற் குறித்தனர்.

இவ்விடத்துச் சிபி வேந்தன் வரலாறு நினைவிற்கு வருகின்றது. சோழர்தம் குலமுதல்வருள் ஒருவனாகப் புறநானூற்றுப் புலவர் அவனைப் போற்றுவர். பருந்திற்கு அஞ்சிய புறா அவனிடம் புகல் அடைந்தது. பருந்தோ தன் இரையைக் கேட்டு நின்றது. அவன் பருந்தின் பசியைப் பொய்யென்று தள்ளவில்லை. 'உலகில் உயிர் உயிரை உண்பது இயல்புதானே' என்று புறாவை விட்டுவிடவுமில்லை. புறாவின் எடைக்குத் தன்னைத் தானே துலையில் வைத்தான். இக்கதையை நாம் அருளுக்கு எடுத்துக்காட்டாகவே கூறுவது வழக்கம். யானோ இதனுள் ஒரு கணக்கைக் காண்கின்றேன்: அடைக்கலங் கொடுத்ததன் செலவை அடைக்கலங் கொடுத்தவனே செலுத்துதல் வேண்டும், அடைக்கலம் புகுந்த உயிரின்மேல் அதனைச் சுமத்துதல் ஆகாது. நம்மை யாரும் தசையை அரிந்து தருமாறு கேட்கவில்லை. இன்னொரு கூடும், நாளொன்றுக்கு ஒரு கைப்பிடித் தானியமும், சிறிது பொறுமையுமே கேட்கப்படுகின்றன.

இதற்கு மறுதலையாகக் கூறப்படும் காரணங்களுள் வலிமை வாய்ந்தது ஒன்றுண்டு. "பாம்பு இன்று ஓர் எலியை உண்ணப்போவது உறுதி. வேண்டாத வளர்ப்பெலியைக் கொடுத்தால், இரைக்கென்றே வளர்த்த மற்றோர் எலி பிழைக்கும். இறப்பது எவ்வாற்றானும் ஒன்றே. வளர்ப்பெலிக்கு மட்டும் என்ன தனியுரிமை?" என்பர். 2025 இல் டென்மார்க்கு நாட்டு ஆல்போர்க் விலங்குக்காட்சிசாலையார், மக்கள் தமக்கு வேண்டாத கோழி, முயல், கினிப்பன்றி முதலியவற்றைத் தந்தால், பயிற்சி பெற்ற பணியாளரைக்கொண்டு அவற்றை வருத்தமின்றிக் கொன்று, லிங்க்ஸ் முதலிய ஊனுண்ணும் விலங்குகட்கு உணவாக்குவதாக அறிவித்தனர். எதுவும் வீணாகாது என்பது அவர்தம் கருத்து. உலகெங்கும் அதுபற்றிப் பெருவாதம் எழுந்தது.

அக்கணக்கில் உண்மை இல்லாமலில்லை. அவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை, உயிரோடு இரையாக்கவுமில்லை. ஆயினும் அக்கணக்கு ஒருமுறைக்கே சரியாகும். தொல்லை இவ்வளவு எளிதில் தீரும் என்று கண்ட வீட்டில், அடுத்தமுறை ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பார் யார்? வடிகால் திறந்திருக்கும்வரை குழாயை மூடும் எண்ணம் தோன்றாது. பிறக்கும் உயிர் பெருகும். அதற்கேற்பக் கொடுக்கும் உயிரும் பெருகும். அன்றியும், எலி எலிக்கு ஈடாகலாம்; எனினும் கொடுத்த வாக்கிற்கு ஈடாக வேறொருவன் வாக்கை மாற்றிக் கொடுத்தல் இயலாது. இரைக்கென்றே எலி வளர்ப்பவன் அதற்கு நல்ல இருப்பிடமும் விரைவான முடிவும் தரக் கடமைப்பட்டவன். 'இது என் செல்லம்' என்று பெயரிட்டு வளர்த்தவன் அதனினும் மிகுதியான கடமையைத் தானே மேற்கொண்டவன்.

கூட்டினுள் உயிருள்ள எலியை விட்டுச் சுற்றிநின்று பார்க்கும் வழக்கமும், அதனைக் கைப்பேசியிற் படம்பிடித்துப் பரப்பும் வழக்கமும் இக்காலத்துத் தோன்றியுள்ளன. இவற்றிற்கு எத்தகைய நியாயமும் இல்லை. மாநிலங்களவையில் உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியை அடியொற்றி 1960 இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் எழுந்தது. வேடிக்கையின்பொருட்டு மட்டுமே ஓருயிரைப் பிறிதோர் உயிர்க்கு இரையாகுமாறு அடைத்துவைத்தலை அச்சட்டம் குற்றமெனக் கூறுகின்றது. தக்க காரணமின்றி விலங்கைக் கைவிட்டுப் பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்தவிடுதலும் அதன்கண் குற்றமே.

உயிருள்ள எலி பாம்பிற்கும் நன்மை செய்வதன்று. பசியில்லாத பாம்பின் கூட்டில் விடப்பட்ட எலி, அப்பாம்பைக் கடித்துப் புண்படுத்துதல் உண்டு. முன்பே கொன்று, உறையச்செய்து, பின்னர் வெதுவெதுப்பாக்கித் தரும் இரையை அடைபட்ட பாம்புகளுட் பல பழகி ஏற்றுக்கொள்கின்றன. நோயுற்றதும் மருந்துண்டதுமான வளர்ப்பெலியோ பாம்பிற்கும் தீங்கு பயக்கலாம். ஆதலின் 'பாம்பின்பொருட்டுக் கொடுக்கின்றேன்' என்னும் சொல்லும் பெரும்பாலும் மெய்யாவதில்லை. அம்மாமாவின் நண்பர் வளர்ப்பது ஆப்பிரிக்க மலைப்பாம்பு என்று மாணாக்கர் கூறினார். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்த்தல் 1972 இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது. அயல்நாட்டுப் பாம்புகளுள்ளும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவற்றை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும் என்று 2022 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 'அவர் பதிவு செய்தனரோ?' என்றேன். மாணாக்கர் அறியார், மாமாவும் அறியார்.

'எல்லாரும் செய்வதுதானே' என்பாரும் உளர். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணாக்கருட் பலர், விலங்கியற் கூடத்தில் தவளையையும் எலியையும் மெழுகுத்தட்டில் ஊசியாற் குத்தி அறுத்துக் கற்றவர். அதுவன்றிக் கல்வியே இல்லை என்று அக்காலத்து எண்ணினோம். பல்கலைக்கழக மானியக் குழு 2011 இலும் 2014 இலும் வெளியிட்ட அறிவுரைகளால் அவ்வழக்கம் ஒழியலாயிற்று. விலங்கியற் கல்வி ஒழிந்துவிடவில்லை. நேற்று இன்றியமையாதது எனத் தோன்றிய கொலை இன்று வேண்டாததாகலாம்.

இனிச் செய்யத்தக்கது யாது? எலியினத்தின் இயல்பை அறிந்து வாங்குதலே முதலாவது. 1930 இல் சிரியா நாட்டு அலெப்போ நகரின் அருகே பிடிக்கப்பட்ட ஒரு தாயும் அதன் குட்டிகளுமாகிய சிறு குடும்பத்தினின்றே, இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் பெருகின என்பர். இவ்வினம் சூல்கொண்ட பதினாறு நாளளவில் ஈனும். வெள்ளைச் சுண்டெலிக்கு ஏறக்குறைய இருபது நாள். இவற்றின் குட்டிகள் இரண்டு திங்கள் நிரம்புமுன்னரே தாமும் ஈனும் பருவம் எய்தும். பொன்னிற ஹாம்ஸ்டர் தனித்தே வாழும் இயல்பினது. ஒரு கூட்டிற்கு ஒன்றே போதும். பிறவற்றை வைப்போர் கால்நடை மருத்துவரிடம் ஆண் பெண் தெரிந்துகொண்டு பிரித்து வைத்தல் வேண்டும். மிகுந்தவற்றை அறிந்தவர் இல்லங்கட்கு ஒருபாலாகவே கொடுக்கலாம். 'வயலில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்' என்பது பிழை. வீட்டில் பிறந்த இவ்வுயிர் வயலில் நெடிது வாழாது. ஏற்பார் ஒருவரும் இல்லையெனின், அவற்றின் வாழ்நாள் இரண்டு மூன்று ஆண்டுகளே என்பதை எண்ணிப் பொறுத்துக்கொள்ளுதல் அறம். அதுவும் இயலாத நிலையில், மருத்துவர் கையால் வருத்தமின்றி முடியும் முடிவு துன்பமானதே. ஆயினும் பெட்டியில் அடைத்துப் பாம்பின் முன் கொட்டுவதினும் நேர்மையானது. ஏனெனில் அங்கே நாம் உடனிருந்து காண்கின்றோம். நம் செயலை நமதென்றே ஏற்கின்றோம்.

அன்று மாலை யான் அம்மாணாக்கர்க்கு இவ்வளவும் கூறவில்லை. "தம்பி, பாம்பின் பசியைத் தீர்க்கவா போகிறீர்? உம் தொல்லையைத் தீர்க்கவா?" என்று மட்டும் கேட்டேன். அவர் நெடுநேரம் விடை கூறாதிருந்தார். பின்னர்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். அடுத்த கிழமை பழைய கூடு ஒன்றை வாங்கி ஆணையும் பெண்ணையும் பிரித்தார். ஒன்பதைத் தோழர் இல்லங்கட்குக் கொடுத்தார். எஞ்சியவை அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கின்றன. கூட்டைத் துடைக்கும் முறை திங்களும் வியாழனும் தங்கைக்கு. ஏனைய நாள்கள் தமையனுக்கு. அன்னையார் இன்னும் நாற்றத்தைப்பற்றிக் கூறுகின்றார்; எனினும் சந்தைக்குப் போனால் தினை வாங்க மறப்பதில்லை.

மாணாக்கர்காள்! கல்லூரியை விட்டுச் சென்றபின் நும் கையில் வந்து சேரும் உயிர்கள் பலவாகும். அவற்றுட் சில நுமக்குச் சுமையாகவும் தோன்றும். அந்நாளில் அச்சுமையை யார்மேல் இறக்கப்போகின்றீர் என்று ஒருமுறை நின்று எண்ணுமின்.