யார் குடியிருக்க இந்த வீடு?



சென்ற ஆண்டு சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொண்டோம். மவ்த்தானவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார். மகன் வளைகுடாவில் இருபதாண்டுகள் உழைத்துக் கட்டிய வீட்டின் இரண்டாம் மாடியில், குளிர்சாதன வசதியுள்ள அறையில் அவருடைய உயிர் பிரிந்தது. படிக்கட்டை அழகுக்காக வளைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வளைவில் சந்தூக்கு திரும்பாது என்று தெரிந்ததும், மய்யித்தைப் போர்வையில் கிடத்தி நால்வர் சுமந்து இறக்கினர். குளிப்பாட்டவும் இடமில்லை. ஏழு குளியலறைகள் இருந்தன. ஒன்றிலும் பலகையை இட்டுச் சுற்றி நின்று நீர் ஊற்ற முடியாது. கடைசியில் கார் நிறுத்தும் இடத்தில் திரை கட்டினார்கள்.

அண்டை வீட்டுப் பெண்கள் சொன்னது அதைவிட நம்மை வருத்தியது. மூட்டுவலியால் அந்தத் தாயார் ஈராண்டுகளாகக் கீழே இறங்கவே இல்லையாம். கீழ்த்தளம் முழுவதும் வரவேற்பறையும் விருந்துக் கூடமும்தான். மகன் ஆண்டுக்கு முப்பது நாள் வந்து தங்குவார். மற்ற நாள்களில் அந்தக் கூடத்தில் விளக்கு எரிவதில்லை.

வசதியான வீட்டை நாம் குறை சொல்லவில்லை. நல்ல மனைவி, நல்ல அண்டை வீட்டார், இதமான வாகனம் ஆகியவற்றோடு விசாலமான வீட்டையும் நபி (ஸல்) அவர்கள் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள். வீட்டை மன அமைதிக்குரிய இடமாக அல்லாஹ் ஆக்கியிருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயம் கூறுகிறது. அதே சமயம், கப்பாப் (ரலி) அவர்கள் தம் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, முஸ்லிம் செய்யும் எல்லாச் செலவுக்கும் கூலி உண்டு, மண்ணில் போடுவதற்கு மட்டும் இல்லை என்ற கருத்தைச் சொன்னதாக புகாரியில் வருகிறது. தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தையே இது குறிக்கிறது என்று அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளனர். ஆக, தேவை எது என்பதே கேள்வி. அதை அந்த வீட்டில் அன்றாடம் எழுந்து நடமாடுகிறவர்களிடம் கேட்க வேண்டும். நாமோ வாட்ஸ்அப்பில் வந்த எலிவேஷன் படத்திடம் கேட்கிறோம்!

நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை வந்தவருக்கு, உள்கட்டு பெண்களுக்கு, முற்றம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். கொல்லையில் கிணறும் துவைகல்லும் இருந்தன. மய்யித்தைக் குளிப்பாட்டவும் அங்கேதான் இடம். வீட்டுக்குள் கல்யாணமும் மவ்த்தும் நடக்கும் என்பதை அறிந்தே அவற்றைக் கட்டினார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையும் குளிர்சாதனத்தையும் நம்பிக் கட்டிய வீடுகளில் ஒளுச் செய்யவும் தண்ணீர் இல்லை. கண்ணாடிச் சுவர்களை அடைத்த வீடுகளுக்குள் மூச்சு முட்டியது. வாளியும் கயிறும் கிணறும் இருந்த வீடுகளைத் தேடித் தெருவே போனது. 2015இல் வெள்ளம், 2020 டிசம்பரில் புரெவி புயலின் மழை. கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடு கட்டுகிறவர் பளிங்குக் கல் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதற்கு முன்னால், 2015இல் தம் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு அறிய வேண்டும். அடித்தளத்தின் உயரத்தை முடிவு செய்வது அந்தப் பதில்தான். (வாஸ்து பார்த்து வாசலை மாற்றும் சகோதரர்களுக்கு இவ்விடத்தில் நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஈமானைப் பற்றி வேறொரு நாளில் பேசுவோம்.)

அடுத்து, இப்போது பரவிவரும் திறந்த சமையலறை. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. மஹ்ரமல்லாத ஆண் ஒருவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தால், அடுப்பில் சோறு கொதிக்க, வீட்டுப் பெண்கள் மாடிக்குப் போய்விட வேண்டும்; அல்லது வியர்வையில் முக்காடும் பர்தாவுமாக நிற்க வேண்டும். பெண்கள் தம் வீட்டிலேயே ஒதுங்கி நிற்கும்படி ஆக்கும் வசதி யாருக்கு வசதி?

இவற்றையெல்லாம்விடக் கசப்பானது, இந்த வீடுகளில் பல எப்படி எழும்புகின்றன என்பது. நம் கடலோர ஊர்கள் சிலவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. மகள் தாய்வீட்டின் அருகிலேயே பாதுகாப்பாக இருப்பாள் என்பதால் அதில் நன்மையும் இருந்தது. இன்று மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்கு நிறைவாக வேண்டுமென்று தகப்பனார் வட்டிக்கடனில் விழுகிறார். அந்த மாடங்களுக்கு அவர் எத்தனை ஆண்டு தவணை கட்டுகிறார் என்று மருமகன்மாரில் யாரேனும் கேட்டதுண்டா?

வரைபடத்தில் கையொப்பமிடும் முன், நம் மக்கள் சிலவற்றையாவது பார்த்துக்கொள்ளட்டும். கீழ்த்தளத்தில் பெற்றோருக்கு ஓர் அறை, அதை ஒட்டி உட்கார்ந்தபடி ஒளுச் செய்யத்தக்க குழாய். கழிப்பிடம் கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் அமையட்டும். நம் பகுதிக்குக் கிப்லா மேற்கு, சற்றே வடக்குச் சாய்வு. படிக்கட்டு நேராகவும் அகலமாகவும் இருக்கட்டும். கொல்லையில் வடிகாலோடு கொஞ்சம் திறந்த இடம்.

மூன்றாம் நாள் அந்த மகன் நம்மைச் சந்தித்தார். விடுப்பு முடியுமுன் விருந்துக் கூடத்தைத் தடுத்து ஓர் அறையாக்கப் போவதாகச் சொன்னார். தம் மாமியாருக்கும் முழங்கால் வலி தொடங்கிவிட்டதாம்.