ஜெராக்ஸும் அதே பீரோவில் இருந்தால்? ரான்சம்வேர் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்



2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வானாக்ரை' என்ற ஒரு கிருமி 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் முடங்கின என்று டிவியில் ஓடியபோது, "அது வெளிநாட்டுக்காரன் பிரச்சினை" என்று நம்ம ஊரில் பலர் சேனலை மாற்றினார்கள். ஆனால் தாம்பரத்திலிருந்து படப்பை தாண்டிப் போனால் வருகிற ஒரகடம் ரெனோ-நிசான் கார் ஆலையும் அதில் மாட்டியது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மாட்டின.

இதில் கோபம் வரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கிருமி நுழைந்த ஓட்டை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்கு முன்பே தெரியும். சொல்லாமல், தன் ஆயுதமாக வைத்திருந்தது. அது திருடுபோய் வெளியே வந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைக் கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தது. உலகம் முழுக்க "அப்புறம் பார்த்துக்கலாம்" பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

சரி, அதுக்கப்புறமாவது பாடம் கத்துக்கிட்டோமா? 2021 செப்டம்பரில் நம்ம தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளையே ரான்சம்வேர் பூட்டியது. கேட்ட தொகை 1,950 டாலர், கிரிப்டோ கரன்சியில். அன்றைய மதிப்பில் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலகத்துக்கு அவன் போட்ட விலை அவ்வளவுதான்!

கோட்டைக்கே இந்த நிலைமை என்றால், முடிச்சூர் ரோடு ஜெராக்ஸ் கடை, குரோம்பேட்டை ஆடிட்டர் ஆபீஸ், மாடம்பாக்கம் கிளினிக் எல்லாம் என்ன ஆகும்? அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

"வைரஸ் வந்துடுச்சு, ஆன்டிவைரஸ் போட்டா ஃபைல் திரும்ப வந்துடும்" என்று நினைக்காதீங்க. வராது. திருடனை வீட்டைவிட்டுத் துரத்தலாம், அவன் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே இருக்கும். அது என்ன பூட்டு? உங்க ஃபைலை ஒரு ரகசிய எண்ணை வைத்துக் குழப்பி மாற்றி எழுதுகிறான். இந்த முறைக்கு ஏஇஎஸ் என்று பெயர். அந்த எண் கிடைத்தால் ஒரு நிமிடத்தில் திருப்பிவிடலாம். ஆனால் அந்த எண்ணை அவன் ஆர்எஸ்ஏ என்ற இன்னொரு பூட்டுக்குள் போடுகிறான். கோயில் உண்டியல் மாதிரி நினைச்சுக்குங்க. காசு போடும் துளை எல்லோருக்கும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம். எடுக்க சாவி வேண்டும். துளை உங்க கணினியில் இருக்கிறது, சாவி அவன் கையில் இருக்கிறது. உலகத்தின் பெரிய கணினியை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தாலும் நம்ம ஆயுசில் திறக்காது. வங்கிப் பணப்பரிமாற்றத்தைக் காப்பாற்றும் அதே கணக்குதான், இங்கே தப்பான கைக்குப் போயிருக்கிறது.

பூட்டுவதற்கு முன்னாடியே இன்னொரு வேலையும் செய்வான். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளைத் தேடி அழிப்பான். அப்புறம் கணினியோடு சொருகியிருக்கும் பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஆபீஸ் நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டர், எல்லாவற்றையும் பூட்டுவான்.

2015 வெள்ளம் ஞாபகம் இருக்கா? முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாறு வந்தபோது பீரோவோடு பத்திரம் நனைந்தது. பத்திரத்தின் ஜெராக்ஸும் அதே பீரோவில் இருந்தால் அது காப்பியா? எப்போதும் சொருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். வாரம் ஒருமுறை சொருகி, காப்பி எடுத்து, கழற்றி, வேற இடத்தில் வைத்தால்தான் அது பேக்கப். இதைச் சொன்னால் "இவ்ளோதானா?" என்பார்கள். ஆமாம், இவ்ளோதான். ஆனா செய்றவங்க ரொம்பக் குறைவு.

2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மாட்டியது. நாட்டின் முதன்மையான ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் பேப்பர், பேனாவில் சீட்டு எழுதினார்கள். கடைசியில் நோயாளிகளின் விவரம் எப்படித் திரும்பியது? கிருமி தொடாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

இப்ப நம்ம ஏரியாவில் அதிகம் அடிபடும் வகைக்கு வருவோம். 'ஸ்டாப் டிஜேவியு' என்று ஒரு குடும்பம். இது பெரிய கம்பெனிகளைத் தேடிப் போவதில்லை. கிராக் போட்ட போட்டோஷாப், ஆக்டிவேட்டர், கீஜென், இவற்றின் முதுகில் ஏறி வரும். "இன்ஸ்டால் பண்றப்ப ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க" என்று அந்த வீடியோவில் சொல்வானே, அது எதுக்குன்னு இப்ப புரியுதா? 980 டாலர் கேட்பான், மூன்று நாளுக்குள் பேசினால் பாதி என்று ஆடித் தள்ளுபடி வேற. கிராக் போடுகிறவர்களைத் திட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, சாஃப்ட்வேர் விலை அப்படி. ஆனால் லிப்ரே ஆபீஸ் இலவசம், ஜிம்ப் இலவசம். தமிழ் ஃபாண்ட்டும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகவே தருகிறது.

போன வருடம் சேலையூர் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, எல்லா ஃபைலுக்கும் பின்னாடி ஏதோ நாலு எழுத்து ஒட்டியிருக்கு. ஃபார்மட் போட்டுடவா?" வேண்டவே வேண்டாம்ணே என்று ஓடினேன். இந்த வகை அவசரத்தில் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டும். பெரிய கல்யாண வீடியோக்களில் அது ரொம்பச் சின்னப் பகுதி, ரிப்பேர் டூல் வைத்து நிறைய மீட்க முடிந்தது. போட்டோக்கள் போனது போனதுதான். மெமரி கார்டில் அழிக்காமல் இருந்தவை மட்டும் மிஞ்சின.

அதனால மாட்டினால் முதல் வேலை, நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குங்க, வைஃபையை அணையுங்க. ஃபார்மட் போடாதீங்க. பென் டிரைவைச் சொருகி "மிச்சத்தையாவது எடுக்கலாம்" என்று பார்க்காதீங்க, அதையும் பூட்டும். மிரட்டல் கடிதத்தையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் வேறொரு சுத்தமான கணினியில் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் கொடுத்துப் பாருங்க. யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் 2016-ல் தொடங்கியது, காசு கிடையாது. சாவி இருந்தால் அங்கேயே கிடைக்கும். டிஜேவியு கிருமியால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாதபோது எல்லோருக்கும் பொதுவான ஒரு சாவியைப் போடும். அப்படி மாட்டியிருந்தால் திறக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றாலும் அந்த டிஸ்க்கை எடுத்து பத்திரமாக வைத்துவிட்டு, புது டிஸ்க்கில் விண்டோஸ் போடுங்க. 'டெஸ்லாகிரிப்ட்' கும்பல் 2016-ல் கடையை மூடும்போது மாஸ்டர் சாவியை அவர்களே வெளியிட்டார்கள். 'ஷேட்' கும்பல் 2020-ல் ஏழரை லட்சம் சாவிகளைக் கொட்டியது. டிஸ்க்கை வைத்திருந்தவர்களுக்கு ஃபைல் திரும்பியது.

பணம் கட்டலாமா? கூடாது என்பது என் கருத்து. சாவி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, கட்டுகிறவன் என்று பெயர் வாங்கினால் திரும்ப வருவான். "100 சதவீதம் மீட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் ஆட்களிடமும் உஷார். சிலர் ரகசியமாக அவனுக்கே பணம் கட்டி சாவி வாங்கிவிட்டு, உங்களிடம் மேலே ஒரு தொகை வாங்குகிறார்கள். 1930-க்கு அழையுங்க, தாம்பரம் காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுங்க. "கடை பேர் கெட்டுடும்" என்று மறைத்தால் அடுத்த கடைக்காரரும் மாட்டுவார்.

மறைப்பது கடைக்காரர் மட்டுமா? 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற நிறுவனம் ரான்சம்வேரில் மாட்டி, நாடு முழுக்க சுமார் 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் நின்றது. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வைத்திருக்கும் நம்ம அம்மாக்களில் எத்தனை பேருக்கு அது நடந்ததே தெரியும்? ஆட்சியில் யார் இருந்தாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு தாலுகா ஆபீஸும், மாநகராட்சி மண்டல ஆபீஸும், கூட்டுறவு சங்கமும் கழற்றி வைத்த பேக்கப் வைத்திருக்கிறதா? கடைசியாக எந்தத் தேதியில் அதிலிருந்து எடுத்து, திறந்து பார்த்தார்கள்? அந்தத் தேதியை மக்களுக்குச் சொல்லட்டும். 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 7 இன்னும் எத்தனை மேசையில் ஓடுகிறது என்றும் சொல்லட்டும். நம் பட்டாவும் பிறப்புச் சான்றும் அந்த மேசைகளில்தான் இருக்கின்றன.

தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் பக்கம் யாராவது மாட்டியிருந்தால் கீழே கமெண்டில் எழுதுங்க, ஐடி விங் தோழர்கள் பார்க்கிறோம். ஸ்கிரீன்ஷாட் போடும்போது வாடிக்கையாளர் பெயர், ஆதார் எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்க.